அரசுப் பல்கலைக்கழகங்களில் அறிவு மேலாண்மை

ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோர் அறிந்தவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, தேவைப்படுவோரிடம் சேர்க்கும் ஏற்பாடே அறிவு மேலாண்மை. பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை ஆய்வேடுகள், ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வகத் தரவுகள், பாடக் குறிப்புகள், தேர்வு மற்றும் நிர்வாக நடைமுறைகள் யாவும் இதில் அடங்கும். அரசுப் பல்கலைக்கழகம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே உருவாகும் அறிவை மக்களுக்குக் கிடைக்கச் செய்வது நிர்வாக வசதிக்கான வேலை மட்டுமன்று, கடமையும்கூட.

இத்துறை 1990களில் வணிக நிறுவனங்களைச் சார்ந்து வளர்ந்தது. மனிதர்களிடம் சொல்லாக மாறாமல் உறைந்திருக்கும் அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966இல் நூல் எழுதியிருந்தார். ஜப்பானிய நிறுவனங்களை ஆராய்ந்த இகுஜிரோ நோனாகா, ஹிரோடாகா டகேயுச்சி இருவரும் அந்த உள்ளுறை அறிவு வெளிப்படை அறிவாக மாறும் விதத்தை 1995இல் விளக்கினர். ஆனால் அறிவைத் தேவைப்படுவோரிடம் சேர்க்கும் கவலை பல்கலைக்கழகங்களுக்கு முன்பே இருந்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களைக் காப்பதைவிட அவற்றைப் பயன்படச் செய்வதே நூலகரின் பணி என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அவர் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து வழங்கும் இன்றைய மின்களஞ்சியங்கள் பலவற்றை அந்த ஒரு விதியை வைத்தே மதிப்பிட்டுவிடலாம்.

விதியும் பயனும்

களஞ்சியத்தின் வெற்றியை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் 2000இல் வெளியிட்ட ஈபிரின்ட்ஸ், எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் ஆகிய இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை. ஒரே மென்பொருளை நிறுவிய இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றின் களஞ்சியம் நிறைந்திருக்கும், மற்றொன்றில் நூலகத்தார் ஏற்றிய சில கோப்புகள் மட்டுமே இருக்கும். ஆசிரியர்கள் தாமாக முன்வந்து கட்டுரைகளைப் பதிவேற்றுவார்கள் என்ற நம்பிக்கை தொடக்க ஆண்டுகளிலேயே பொய்த்தது. அப்படிக் கிடைத்தவை மொத்த வெளியீடுகளில் ஏறத்தாழ 15 சதவீதமே என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர்.

ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2004இல் பதிவேற்றத்தைப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் விதியாக்கியது. போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகம் 2005இல் இத்தகைய விதியை நடைமுறைப்படுத்தியதோடு, நன்கு பங்களித்த துறைகளுக்கு நிதியும் வழங்கியது. இவற்றையெல்லாம்விடத் தெளிவான பாடத்தைத் தருவது பெல்ஜியத்தின் லீயெஜ் பல்கலைக்கழகம். அதன் ‘ஓர்பி’ களஞ்சியம் 2008இல் தொடங்கியது. களஞ்சியத்தில் உள்ள வெளியீடுகளை மட்டுமே பதவி உயர்வு உள்ளிட்ட உள்மதிப்பீடுகளில் கணக்கிடுவது என்று அங்கே முடிவு செய்யப்பட்டது. இதனால் கட்டுரையைப் பதிவேற்றுவது ஆசிரியரின் சொந்தத் தேவையாகிவிட்டது. பதிப்பகம் தடை விதித்த கட்டுரையையும் உள்ளே சேர்க்கலாம். அதைத் திறந்து காட்டாமல், கேட்பவருக்கு ஆசிரியரே படி அனுப்பும் வசதி இருந்தது. கட்டாயம் எளிதில் ஏற்கப்பட்டதற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம் என்றே கொள்ள வேண்டும்.

சோத்கங்கா

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா. நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பொதுக் களஞ்சியம் இது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளைக் கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை, பட்டம் அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மின்படியை அளிக்கச் சொன்னது. பட்டம் கைக்கு வந்தபின் எழும் கடமை எளிதில் தள்ளிப்போகும். 2016ஆம் ஆண்டு நெறிமுறை, பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே மின்படி சென்று சேர வேண்டும் என்று வரிசையை மாற்றியது. சிறிய திருத்தம்தான், ஆனால் விதி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

எண்ணிக்கை மட்டும் வெற்றியாகாது. ஆய்வேட்டின் தலைப்பு ஒரே சீரான எழுத்துப்பெயர்ப்பில் இல்லாவிட்டால் தேடுபவருக்கு அது கிடைக்காது. பக்கங்களைப் படமாக எடுத்துச் சேர்த்தால் உள்ளே சொல் தேட முடியாது. தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் துறைகளின் ஆய்வேடுகள் இதனால் பெரிதும் இழக்கின்றன. களஆய்வில் திரட்டிய சொற்களும் கதைகளும் இருந்தும் இல்லாதவை ஆகிவிடுகின்றன. இதைச் சரிசெய்யப் பயிற்சி பெற்ற நூலகர்கள் வேண்டும். காலியாகும் நூலகர் பணியிடங்களை நிரப்பாமல் களஞ்சியத்துக்கு நிதி ஒதுக்குவதில் பொருளில்லை.

எழுதப்படாத அறிவு

ஆவணமாகாத அறிவே மிகுதியாகத் தொலைகிறது. பழைய கருவியைப் பழுதுநீக்கத் தெரிந்த ஆய்வக உதவியாளர், தேர்வுப் பிரிவின் விதிவிலக்குகளை எல்லாம் மனத்தில் வைத்திருக்கும் கண்காணிப்பாளர், ஒரு பாடத்தை எந்த வரிசையில் நடத்தினால் மாணவருக்குப் புரியும் என்று அறிந்த பேராசிரியர் ஆகியோர் குறித்த நாளில் ஓய்வு பெறுகின்றனர். அடுத்தவர் அந்த இடத்துக்கு வரச் சில மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். இருவரும் சேர்ந்து பணியாற்றும் காலம் என்று ஒன்று இல்லாதபோது, கோப்புகள் மட்டுமே கைமாறுகின்றன. கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இதைவிடக் கடினம். அடுத்த ஆண்டும் பணி இருக்குமா என்று தெரியாதவரிடம், தம் அறிவைத் துறையின் பொதுச்சொத்தாக்கும்படி எந்த நியாயத்தில் கேட்பது?

தர மதிப்பீட்டுக் குழு வரும்போது மட்டும் திரட்டப்படும் ஆவணங்களும் இவ்வகையில் உதவுவதில்லை. மதிப்பெண்ணுக்காகத் தொகுத்த கோப்பு, குழு சென்றபின் அன்றாட வேலைக்குத் திரும்புவதில்லை. சேர்க்கை, தேர்வு, ஆய்வு என நடக்கும் பணியிலேயே பதிவும் ஒரு படியாக அமைந்தால்தான் அது தொடரும்.

இந்தத் தொடர்ச்சிக்குத் தலைமையின் நீடிப்பும் தேவை. ஓர்பியை முன்னின்று நடத்திய லீயெஜ் பல்கலைக்கழகத் தலைவர் பெர்னார் ரான்தியே 2005 முதல் 2014 வரை பொறுப்பில் இருந்தார். ஆகவே விதியை வகுத்தவரே அதன் எதிர்ப்பையும் பலனையும் நேரில் கண்டார். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களிலோ துணைவேந்தரின் பதவிக்காலம் பொதுவாக 3 ஆண்டுகள்.