பாகுமீள்மை

பாகுமீள்மை என்பது, சுமைக்கு உட்படும் ஒரு பொருள் மீள்தன்மையையும் பாகுத்தன்மையையும் ஒருங்கே காட்டும் இயல்பாகும். முழு மீள்தன்மை கொண்ட பொருளில் தகைவு தெரிந்தால் திரிபைக் கணித்துவிடலாம். பாகுமீள் பொருளிலோ அந்தத் தகைவு எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ரப்பர், நெகிழி, நைலான், தார், காங்கிரீட்டு முதலியவை இவ்வியல்பு உடையவை. பொறியியல் உருவகப்படுத்தல் மென்பொருள்களில் இப்பொருட்களை வரையறுக்கும்போது காலத்தையும் ஒரு மாறியாகச் சேர்க்க வேண்டியுள்ளது.

ஊர்தலும் தளர்வும்

இராமேசுவரம் கரையில் வலை உலர்த்துவதற்காக இரு கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய நைலான் கயிறு, முடிச்சு நழுவாவிட்டாலும் மறுநாள் சற்றுத் தொய்ந்திருக்கும். நீளம் மாறாதபோது தகைவு காலப்போக்கில் குறைவது தகைவுத் தளர்வு எனப்படும். அதே கயிற்றில் ஓர் எடையைத் தொங்கவிட்டால் எடை மாறாமலே கயிறு மெல்ல நீளும். இது ஊர்தல் எனப்படும். இரண்டும் ஒரே இயல்பின் இரு தோற்றங்களே.

சுருள்வில்லையும் எண்ணெய் நிரம்பிய தணிப்பானையும் தொடராக இணைத்து இதனை விளக்கும் மாதிரி, 1867இல் இதுபற்றி எழுதிய ஜேம்சு கிளார்க் மாக்சுவெல்லின் பெயரால் வழங்குகிறது. வெவ்வேறு நேரங்களில் ஏற்றப்பட்ட சுமைகளின் விளைவுகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்னும் கோட்பாட்டை லுட்விக் போல்ட்சுமான் 1874இல் அளித்தார்.

மென்பொருளில் வரையறுத்தல்

அபாகசு, ஆன்சிசு போன்ற வரம்புறு கூறு மென்பொருள்களில் பெரிதும் பயன்படுவது புரோனி தொடர் ஆகும். பிரெஞ்சுப் பொறியாளர் காசுபார் த புரோனியின் பெயர் கொண்ட இத்தொடரில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரு எண்கள் உண்டு. ஒன்று, தொடக்கக் குணகத்தில் அவ்வுறுப்பு இழக்கக்கூடிய பங்கு. மற்றொன்று, தளர்வு நேரம். தளர்வு நேரத்திற்குச் சமமான காலம் கழிந்ததும் அப்பங்கில் ஏறத்தாழ 63 விழுக்காடு இழக்கப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, பங்கு 0.5, தளர்வு நேரம் 100 நொடி எனக் கொண்டால், சுமையேற்றிய கணத்தில் 100 விழுக்காடாக உள்ள குணகம் 100 நொடியில் சுமார் 68 விழுக்காடாகவும், 500 நொடியில் ஏறத்தாழ 50 விழுக்காடாகவும் குறையும். அதன்பின் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. ஆகவே ஓர் உறுப்பு தன் தளர்வு நேரத்தை ஒட்டிய காலத்தையே நன்கு காட்டும். நீண்ட காலத்தைக் காட்டப் பத்து மடங்குக்கு ஒன்றாகப் பல உறுப்புகள் தேவை. முப்பது ஆண்டு என்பது சுமார் 95 கோடி நொடி. ஒரு மணி நேரச் சோதனையில் பெற்ற எண்களைக் கொண்டு அவ்வளவு தொலைவுக்குச் சென்றால் கிடைப்பது வெறும் ஊகமே. மென்பொருள் இதற்கு எச்சரிக்கை எதுவும் தராது.

உள்ளிடும் மீள்குணகம் தொடக்க மதிப்பா, முழுதும் தளர்ந்த பின் உள்ள மதிப்பா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இவ்விரண்டும் இடம் மாறினால் விடை இரு மடங்கு பிழைபடும். நேரத்தின் அலகு மாதிரி முழுவதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அபாகசில் சாதாரண நிலையியல் படிநிலையைத் தேர்ந்தால் காலச் சார்பு கணக்கில் கொள்ளப்படுவதில்லை; பொருளின் வரையறை சரியாக இருந்தும் ஊர்தல் தோன்றாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். வெப்பநிலை உயர்ந்தால் தளர்வு விரைவுபடும். பல்லுறுப்பிகளுக்கு இதனை 1955இல் வெளியான வில்லியம்சு-லேண்டல்-ஃபெரி சமன்பாட்டால் சேர்க்கலாம்.

காங்கிரீட்டும் பாம்பன் சாலைப் பாலமும்

மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 2.34 கிலோமீட்டர். அதன் அருகே 1914இலும் 2025இலும் திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாலங்களின் கண்கள் எஃகாலானவை. சாதாரண வெப்பநிலையில் எஃகுக் கட்டமைப்பின் ஊர்தல் புறக்கணிக்கத்தக்கது. சாலைப் பாலமோ முன்தகைவுக் காங்கிரீட்டால் ஆனது.

முன்தகைவுக் காங்கிரீட்டில், இழுத்துப் பூட்டிய எஃகு வடங்கள் காங்கிரீட்டை எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கும். அவ்வமுக்கத்தில் காங்கிரீட்டு ஆண்டுக்கணக்கில் சுருங்கும். சுருங்கும் அளவுக்கு வடத்தின் இழுவிசை குறையும். வடமும் தன்னளவில் தளரும். எனவே திறப்பு விழா நாளில் இருந்த முன்தகைவு பின்னர் அதே அளவில் இராது.

இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456:2000, அறுதி ஊர்தல் கெழுவாக 7 நாள் வயதில் சுமையேற்றினால் 2.2, 28 நாளில் 1.6, ஓராண்டில் 1.1 என்னும் மதிப்புகளைத் தருகிறது. 40 மெகாபாஸ்கல் வலிமையுள்ள காங்கிரீட்டின் மீள்குணகம் இந்நெறிப்படி சுமார் 31,600 மெகாபாஸ்கல். 28 நாளில் சுமையேற்றினால் நீண்டகாலக் கணக்கிற்கு அது சுமார் 12,200 ஆகவும், 7 நாளில் ஏற்றினால் சுமார் 9,900 ஆகவும் குறையும். அதாவது முதல் நாள் 1 மி.மீ. சுருங்கிய பகுதி முறையே 2.6 மி.மீ., 3.2 மி.மீ. வரை சுருங்கும்.

காங்கிரீட்டு வயதாக ஆக இறுகுவதால், மாறாத எண்களைக் கொண்ட எளிய புரோனி தொடர் அதற்குப் போதாது. காற்றின் ஈரப்பதமும் கணக்கில் வர வேண்டும். உலர்ந்த காற்றில் ஊர்தல் மிகுதி, கடலோர ஈரக் காற்றில் குறைவு. பிரான்சின் ஈ.டி.எஃப். மின் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருளான கோடு ஆஸ்டரில் காங்கிரீட்டுக்கெனத் தனி ஊர்தல் விதிகள் உள்ளன. ஈர உப்புக் காற்று பாம்பனில் வேறொரு சிக்கலைத் தருகிறது. எஃகு அரிப்பு இங்குக் கடுமையானது; காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் நடத்துவதும் இக்கடற்சூழலில்தான். அரிப்பு வேதிவினையாதலால் ஊர்தல் மாதிரிக்குள் அது அடங்காது. தனியாகவே கணிக்கப்பட வேண்டும்.

பலாவு பாலம்

ஊர்தலைக் குறைத்து மதிப்பிட்டதற்கு அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு, பசிபிக் தீவு நாடான பலாவுவின் கோரோர்-பாபெல்டாப் பாலம். 1977இல் கட்டப்பட்ட இம்முன்தகைவுப் பாலத்தின் நடுக்கண் 241 மீட்டர் நீளமுடையது. இருபது ஆண்டுக்குள் அதன் நடுப்பகுதி 1.2 மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. அதைச் சீர்செய்யக் கூடுதல் வடங்கள் இழுத்துக் கட்டப்பட்டன. பணி முடிந்த சில மாதங்களில், 1996 செப்டம்பர் 26 அன்று பாலம் இடிந்து இருவர் உயிரிழந்தனர். தொய்வு குறித்து அமெரிக்காவின் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுடெனெக் பசாந்த் குழுவினர் பின்னர் ஆராய்ந்தனர். வழக்கிலிருந்த நெறிகளின் ஊர்தல் மாதிரிகள் பல பத்தாண்டு கால ஊர்தலை வெகுவாகக் குறைத்துக் காட்டியதாக அவர்கள் முடிவு கண்டனர்.