சீன அதிவேக ரயில்

மணிக்கு 200 முதல் 350 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்கென்றே சீனாவில் போடப்பட்ட பயணிகள் ரயில் பாதைகளையும், அவற்றில் ஓடும் மின்தொடர் வண்டிகளையும், சிக்னல் அமைப்பையும் சேர்த்துக் குறிப்பது இப்பெயர். 2024 இறுதியில் இப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 48,000 கிலோமீட்டர். உலகின் மற்ற நாடுகளில் உள்ள அதிவேகப் பாதைகள் அனைத்தையும் கூட்டினாலும் இதில் பாதி தேறாது. சீனத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் வழக்கமாக இரண்டு கதைகள் அடிபடும். எல்லாம் அடுத்தவனைப் பார்த்துச் செய்தது என்பது ஒன்று. எல்லாமே சொந்த மூளை என்பது இன்னொன்று, பெய்ஜிங் விரும்பிச் சொல்வது. ரயிலின் வரலாற்றைப் படித்தால் இரண்டுமே நிற்காது.

முன்கதை

1978 அக்டோபரில் ஜப்பான் சென்ற சீனத் தலைவர் டெங் சியோபிங், டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பயணம் செய்தார். அந்தப் படக்காட்சிகள் சீனாவில் பரவலாகக் காட்டப்பட்டன. அப்போது சீனாவின் தாதோங் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின்கள் தயாராகிக்கொண்டிருந்தன. பிரதானப் பாதைகளுக்கான நீராவி எஞ்சின் தயாரிப்பு அங்கே நின்றது 1988இல்தான். 1993இல் சீனப் பயணிகள் ரயில்களின் சராசரி வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். நெடுஞ்சாலைகளும் விமானங்களும் பயணிகளைப் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

இதற்கு இரண்டு வழிகளில் மருந்து தேடினார்கள். பழைய பாதைகளைச் செப்பனிட்டு வேகத்தைக் கூட்டுவது ஒன்று. 1997 முதல் 2007 வரை ஆறு கட்டங்களாக இது நடந்தது. ஆறாவது கட்டம் முடிந்தபோது சில பிரதானப் பாதைகளில் 200 கிலோமீட்டர் வேகம் சாத்தியமாகியிருந்தது. குவாங்ஜோ - ஷென்ஜென் பாதைதான் இதற்குப் பரிசோதனைக்கூடம். 1994இல் அங்கே 160 கிலோமீட்டர் வேகம் எட்டப்பட்டது. 1998இல் சுவீடனிலிருந்து எக்ஸ்2000 ரயில் ஒன்றை வாடகைக்கு எடுத்து 200இல் ஓட்டினார்கள்.

இரண்டாவது வழி, பெய்ஜிங்கையும் ஷாங்காயையும் புதிய பாதையால் இணைப்பது. இதில் பத்தாண்டுக்கும் மேலாகச் சண்டை ஓய்வில்லாமல் நடந்தது. முதலில், பாதை தேவையா என்ற கேள்வி. அது அடங்கியபின், சக்கரமும் தண்டவாளமுமா, காந்தத்தில் மிதக்கும் வண்டியா என்ற கேள்வி. சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த யான் லுகுவாங், ஹெ சுவோசியு போன்றோர் காந்த மிதவைக்காக வாதாடினார்கள். செங்டுவில் உள்ள தென்மேற்கு ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்தின் ஷென் ஜியுன் உள்ளிட்ட ரயில் பொறியாளர்கள் தண்டவாளத்தின் பக்கம் நின்றார்கள். ஜெர்மன் தொழில்நுட்பத்தில் ஷாங்காய் விமான நிலையத்துக்குப் போடப்பட்ட 30 கிலோமீட்டர் காந்த மிதவைப் பாதை 2002 இறுதியில் வெள்ளோட்டம் கண்டு, மணிக்கு 431 கிலோமீட்டரில் ஓடியது. வேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செலவு அதிகம். ஏற்கெனவே உள்ள தண்டவாளங்களில் அந்த வண்டி ஏறவும் ஏறாது. அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது, அதோடு சரி.

சொந்த முயற்சிகள்

வெளிநாட்டு வரலாறுகளில் பெரும்பாலும் தாவிச் செல்லப்படும் பகுதி இது. 1990களின் பிற்பாதியிலிருந்து சீனத் தொழிற்சாலைகள் வரிசையாகச் சோதனை ரயில்களைச் செய்து பார்த்தன. 'நீல அம்பு', 'முன்னோடி', 'சீன நட்சத்திரம்' ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. இவற்றை ஓட்டிப் பார்ப்பதற்குச் சின்ஹுவாங்தாவ் - ஷென்யாங் பயணிகள் பாதை கிடைத்தது. 1999இல் கட்டத் தொடங்கி 2003 அக்டோபரில் திறந்த, 404 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையே சீனாவின் முதல் அதிவேகப் பாதை என்று கொள்வது நியாயம். பெருமை மட்டும் பின்னால் வந்த பெய்ஜிங் - தியான்ஜின் பாதைக்குப் போய்விட்டது.

இங்கே 2002 நவம்பர் 27 அன்று லியூ யோமெய் தலைமையில் வடிவமைத்த 'சீன நட்சத்திரம்' மணிக்கு 321.5 கிலோமீட்டர் எட்டியது. ஆனால் சக்கர அச்சின் பேரிங்குகள் சூடேறும் கோளாறு தலைகாட்டியது. வண்டியின் அமைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. முன்னும் பின்னும் எஞ்சின் வைத்து நடுவில் பெட்டிகளை இழுக்கும் முறை அது. ஜப்பானில் வளர்ந்த முறையிலோ மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஓர் அச்சின் மேல் விழும் பாரம் குறையும், வேகம் சீக்கிரம் பிடிக்கும், பாதையும் அதிகம் தேயாது. ரயில்வே அமைச்சகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு தொடராகச் செய்த 'சீன நட்சத்திரம்' 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓராண்டு பயணிகளை ஏற்றிவிட்டு 2006இல் கொட்டகைக்குப் போனது.

அதைத் தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் மோட்டாரும் பிரேக்கும் சக்கரச் சட்டமும் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பொறியாளர் தலைமுறை ஒன்று ஜூஜோவிலும் சாங்சுன்னிலும் சிங்டாவிலும் இதனால் உருவாகியிருந்தது. அடுத்து நடந்ததை இந்தத் தலைமுறையை விட்டுவிட்டு விளக்க முடியாது.

பெரிய டெண்டர்

2003இல் ரயில்வே அமைச்சரான லியூ ஜிஜுன் பொறுமைக்குப் பெயர் போனவர் அல்லர். 2004 ஜனவரியில் அரசு ஏற்ற நீண்டகாலத் திட்டம், வடக்கு தெற்காக நான்கும் கிழக்கு மேற்காக நான்குமாகப் பயணிகள் பாதைகளைப் போடச் சொன்னது. அவ்வாண்டே 200 கிலோமீட்டர் வேக ரயில்களுக்கு டெண்டர் விடப்பட்டது. அதன் நிபந்தனைகளில்தான் சூட்சுமம். ஏலத்தில் நேரடியாகக் கலந்துகொள்ளச் சீன நிறுவனங்களுக்கே உரிமை. வெளிநாட்டு நிறுவனம் அவற்றில் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, தொழில்நுட்பத்தையும் கையளிக்க வேண்டும். வரைபடம் மட்டும் போதாது, ஆட்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும்.

உலகில் இத்தனை ரயில்களை ஒரே மூச்சில் வாங்கும் வாடிக்கையாளர் வேறு யாருமில்லை. அதோடு, நாடு முழுவதற்கும் வாங்குபவர் ரயில்வே அமைச்சகம் ஒன்றுதான். உள்நாட்டு நிறுவனங்கள் தனித்தனியே பேரம் பேசி ஒன்றையொன்று கவிழ்த்துக்கொள்ள வழியில்லை. ஜப்பானின் கவாசாகி தலைமையிலான குழு சிங்டாவின் சிஃபாங் தொழிற்சாலையோடும், பிரான்சின் அல்ஸ்டோம் சாங்சுன் தொழிற்சாலையோடும் சேர்ந்தன. கனடாவின் பொம்பார்டியருக்குச் சிங்டாவில் ஏற்கெனவே கூட்டு நிறுவனம் இருந்தது. அதிக விலை சொன்ன ஜெர்மனியின் சீமென்ஸ் வெறுங்கையோடு திரும்பியது. மறு ஆண்டு விலையைக் குறைத்துக்கொண்டு வந்து, தாங்ஷான் தொழிற்சாலையுடன் 300 கிலோமீட்டர் வேக ரயில்கள் 60 செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றது. கவாசாகி ஒப்பந்தத்தின் 60 ரயில்களில் 3 ஜப்பானிலேயே முழுமையாக ஆயின. 6 உதிரி உதிரியாக வந்து சீனாவில் பூட்டப்பட்டன. மிச்சம் 51 சீனாவிலேயே தயாராயின.

கையளித்தவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். செய்முறை வந்தது. வடிவமைப்பின் காரணங்களும், கட்டுப்பாட்டு மென்பொருளின் உள்ளடக்கமும் முழுதாக வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 2008 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகமும் கூட்டுத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. 25 பல்கலைக்கழகங்களும் 11 ஆய்வு நிலையங்களும் அதில் இறக்கப்பட்டன. மூக்கின் வடிவம், காற்றழுத்தம் தாங்கும் பெட்டி, அதிர்வு, மின்சாரம் எடுக்கும் மேற்கம்பிக் கருவி என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டும் ஓட்டியும் பார்த்தார்கள். அதன் விளைவான சிஆர்எச்380ஏஎல் ரயில் 2010 டிசம்பர் 3 அன்று ஜாவ்ஜுவாங்குக்கும் பெங்பூவுக்கும் இடையே மணிக்கு 486.1 கிலோமீட்டர் தொட்டது. இது தங்கள் ஷின்கான்செனின் சாயல்தான், சீனா இதற்கு வெளிநாடுகளில் காப்புரிமை கேட்பது முறையல்ல என்று கவாசாகி தரப்பு ஆட்சேபித்தது. அடித்தளம் ஜப்பானுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்கிய ரயில் 250ஐத் தாண்டாத வகை. அதை 350க்கு மேல் கொண்டுபோனது நகலெடுப்பால் ஆகிற வேலை அல்ல.

பாதை

ரயிலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். சீனாவின் அசல் சாதனை ரயிலுக்கு அடியில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஜல்லி கொட்டிய பாதைக்குப் பதில் கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம் பதிக்கும் முறையை முதலில் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் எடுத்தார்கள். மூன்றாவது வகையைத் தாங்களே வடிவமைத்தார்கள். பெய்ஜிங் - ஷாங்காய் பாதையின் 1,318 கிலோமீட்டரில் 80 சதவீதத்துக்கு மேல் பாலங்கள். ஆறுகள் அத்தனை இருப்பதால் அல்ல. தூண்மேல் பாதை போட்டால் விளைநிலம் மிஞ்சும், சேற்று மண் அமுங்கித் தண்டவாளம் தாழும் பயமும் இல்லை. இப்பாதையில் உள்ள தான்யாங் - குன்ஷான் பாலம் 160 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. உலகிலேயே நீளமானது அது.

32 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 900 டன் எடையும் உள்ள கான்கிரீட் உத்தரங்களைப் பாதையோரக் களத்திலேயே வார்த்து, கட்டிமுடித்த பாலத்தின் மேலேயே அவற்றை ஏற்றிச் சென்று அடுத்த தூண்களின் மேல் வைக்கும் பெரிய இயந்திரங்களைச் செய்தார்கள். ஒரே அளவு, ஒரே அச்சு, ஆயிரக்கணக்கான தடவை. இதனால்தான் சீனாவின் கட்டுமானச் செலவு மற்ற நாடுகளில் ஆவதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று உலக வங்கி 2019இல் கணக்கிட்டபோது, மலிவான கூலி மட்டுமன்றி இந்தச் சீர்மையும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2012இல் திறந்த ஹார்பின் - தாலியன் பாதை, தரை உறைந்து உப்பும் குளிரைச் சமாளித்தது. 2014இல் திறந்த லான்ஜோ - சின்ஜியாங் பாதை பாலைவனப் புயற்காற்றுக்கு எதிராக நீண்ட தடுப்புச் சுவர்களோடு அமைந்தது.

பெய்ஜிங் - தியான்ஜின் பாதை 2008 ஆகஸ்ட் 1 அன்று, ஒலிம்பிக்குக்கு ஒரு வாரம் முன்பு, 350 கிலோமீட்டர் வேகத்தில் திறந்தது. அவ்வாண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது சீன அரசு அறிவித்த 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் தொகையில் கணிசமான பங்கு ரயிலுக்குப் பாய்ந்தது. 2009 டிசம்பரில் வூஹான் - குவாங்ஜோ பயணம் சுமார் 3 மணி நேரமாகச் சுருங்கியது.

வென்ஜோ

2011 பிப்ரவரியில் லியூ ஜிஜுன் ஊழல் குற்றச்சாட்டில் பதவி இழந்தார். 2013இல் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கப்பட்டது, பின்னர் அது ஆயுள் தண்டனை ஆனது. பெய்ஜிங் - ஷாங்காய் பாதை 2011 ஜூன் 30 அன்று திறந்தது, வேகம் 300க்குக் குறைக்கப்பட்டு. மூன்று வாரம் கழித்து, ஜூலை 23 இரவு, வென்ஜோ அருகே மேம்பாலத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதியது. பெட்டிகள் கீழே விழுந்தன. 40 பேர் இறந்தார்கள். இடி தாக்கிய சிக்னல் கருவி, பாதையில் ரயில் இருந்தபோதும் பச்சை காட்டியிருந்தது. அந்தக் கருவியின் வடிவமைப்பிலேயே பிழை, சோதிக்காமலே பொருத்தியிருந்தார்கள் என்று டிசம்பரில் வந்த அரசு அறிக்கை ஒப்புக்கொண்டது. 54 அதிகாரிகள் பொறுப்பாக்கப்பட்டார்கள்.

விபத்தைவிட மக்களைக் கொதிக்க வைத்தது அதன்பின் நடந்தது. உடைந்த பெட்டி ஒன்றைப் பாலத்தடியிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். உயிரோடு யாரும் இல்லை என்று சொன்னபின், 21 மணி நேரம் கழித்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மீட்கப்பட்டது. வெய்போ சமூக ஊடகத்தில் எழுந்த கேள்விகளைத் தணிக்கையால் அடக்க முடியவில்லை. மேலும் பல பாதைகளில் வேகம் குறைந்தது, புதிய திட்டங்கள் நின்றன. 2013இல் ரயில்வே அமைச்சகமே கலைக்கப்பட்டு, நிர்வாகமும் மேற்பார்வையும் தனித்தனி அமைப்புகளாகின. அவசரத்தின் விலை என்று ஒன்று உண்டென்றால் அதைக் கொடுத்தவர்கள் அந்த 40 பேர்.

ஃபுசிங்

நான்கு நாட்டு வண்டிகளை வாங்கியதன் தலைவலி ஓட்டும்போதுதான் தெரிந்தது. ஒரு வகை இன்னொன்றோடு இணையாது. உதிரிபாகங்களை நான்கு விதமாக வைத்திருக்க வேண்டும். ஒரு ரயில் பழுதானால் மாற்று ரயிலில் இருக்கை எண்ணிக்கைகூடப் பொருந்தாது. 2012 முதல் சீன ரயில் அறிவியல் கழகத்தின் தலைமையில் பொதுத் தரம் கொண்ட வண்டி உருவானது. இதற்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஐஜிபிடி மின்திறன் சில்லுகளுக்கும் வழி பிறந்திருந்தது. ஜூஜோ நிறுவனம் 2008இல் இங்கிலாந்தின் டைனெக்ஸ் நிறுவனத்தின் 75 சதவீதப் பங்குகளை வாங்கி, 2014இல் சொந்த ஊரிலேயே அந்தச் சில்லுகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

2016 ஜூலையில் ஜெங்ஜோ - சூஜோ பாதையில் இரண்டு சோதனை ரயில்கள் தலா 420 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று கடந்தன. 2017 ஜூனில் 'ஃபுசிங்' என்ற பெயரோடு இவ்வகை சேவைக்கு வந்தது. அதன் 254 முக்கியத் தரவிதிகளில் 84 சதவீதம் சீனாவுடையவை. அவ்வாண்டு செப்டம்பரில் பெய்ஜிங் - ஷாங்காய் பாதையில் 350 கிலோமீட்டர் வேகம் மீண்டது. 2019 டிசம்பரில் திறந்த பெய்ஜிங் - ஜாங்ஜியாகோ பாதையில் 350 கிலோமீட்டர் வேகத்தை ஓட்டுநரின் மேற்பார்வையில் கணினியே பிடிக்கிறது. இதே இரு ஊர்களுக்கு இடையில்தான், யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ஜான் தியென்யூ, வெளிநாட்டுப் பொறியாளர்களின் உதவியின்றி 1909இல் ரயில் பாதை போட்டு முடித்தார்.

வெளிநாட்டில் முதல் பெரிய சோதனை இந்தோனேசியாவின் ஜகார்த்தா - பாண்டுங் பாதை. 2015இல் ஜப்பானைத் தள்ளிவிட்டுச் சீனா பெற்ற இந்த 142 கிலோமீட்டர் திட்டம், செலவு கூடி, தாமதமாகி, 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது.

கணக்கு வழக்கு

கிழக்குக் கடற்கரைப் பாதைகள் லாபம் தருகின்றன. பெய்ஜிங் - ஷாங்காய் பாதையை நடத்தும் நிறுவனம் 2020 ஜனவரியில் பங்குச் சந்தைக்கே வந்தது. மேற்கே போகப் போக நிலைமை வேறு. லான்ஜோ - சின்ஜியாங் பாதையில் தாங்கும் அளவோடு ஒப்பிட்டால் ஓடும் ரயில்கள் சொற்பம் என்று பெய்ஜிங் ஜியாவ்தோங் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜாவ் ஜியான் பல காலமாக எச்சரித்துவருகிறார். தேசிய ரயில் நிறுவனத்தின் கடன் பொறுப்புகள் 6 லட்சம் கோடி யுவான் அளவில் நிற்கின்றன. இந்தக் கடனுக்கு ஈடாகத் தொழிற்சாலைகளையும், திறமையையும், மலிவான பயணக் கட்டணத்தையும் நாடு பெற்றது. ஆனால் அரசியல் பெருமைக்காகப் போட்ட பாதைகளும் அதில் உண்டு, அவற்றைப் பொறியியல் சாதனை என்ற போர்வையால் மூட முடியாது.

அரசே இதை உணர்ந்ததற்கு அடையாளம் உண்டு. 2021 மார்ச்சில் வந்த உத்தரவின்படி, ஒரு பாதையின் கொள்ளளவில் 80 சதவீதம் பயன்படாதவரை அதற்கு இணையாகப் புதிய அதிவேகப் பாதை போடக் கூடாது. வேகத்தின் மேலுள்ள மோகம் மட்டும் தணியவில்லை. நாளாந்த சேவையில் மணிக்கு 400 கிலோமீட்டர் ஓடுவதற்கான சிஆர்450 ரயிலின் முன்மாதிரிகள் 2024 டிசம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் காட்டப்பட்டன. 2035க்குள் அதிவேகப் பாதைகளின் நீளம் 70,000 கிலோமீட்டரை எட்ட வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு.