கடன் அடைக்கப்பட்ட மனிதர்



1813-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, சென்னையிலிருந்து ‘ஜார்ஜியானா’ என்ற கப்பல் ரங்கூனுக்குப் புறப்பட்டது. அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனெரியும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் அதில் வந்தார்கள். ஜூலை 13 அன்று ரங்கூன் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் நம் முன்னோர் கடந்துவந்த கடலும் அதுதான். மாங் நௌ என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27-இல். அதுவரை ஆறு ஆண்டுகள் ஜட்சன் பொறுமையோடு விதைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊழியத்தின் கனிகளில் ஒருவர் கோ தா பியூ. பாசெய்ன் பகுதியில் ஏறக்குறைய 1778-இல் பிறந்த கரேன் இனத்தவர். வாலிபத்தில் கொள்ளைக்காரரானார். முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளில் தமக்குப் பங்குண்டு என்று பின்னாளில் அவரே அறிக்கையிட்டார். முதல் ஆங்கிலேய - பர்மியப் போர் 1826-இல் முடிந்த பின்பு அவர் ரங்கூனுக்கு வந்தார். அப்போது அவர் கடன்பட்டிருந்தார். அக்காலத்தில் கடனைத் தீர்க்க முடியாதவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமையாக உழைக்க வேண்டும். கோ ஷ்வே பே என்ற பர்மியக் கிறிஸ்தவர் அவருடைய கடனை அடைத்துத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். பிறகு ஜட்சன் அந்தப் பணத்தைக் கொடுத்து அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, ‘மீட்பு’ என்ற சொல்லை எங்கே கேட்டிருக்கிறீர்கள்? அடகு வைத்த நகையை அம்மா பணம் கட்டித் திருப்பிக்கொண்டு வந்தால், “நகையை மீட்டாச்சு” என்பார்கள். நகை தன்னைத்தானே மீட்டுக்கொள்ள முடியாது. அதன்மேல் உரிமையும் அன்பும் உள்ளவர்தான் விலை கொடுக்க வேண்டும். மனிதனும் அப்படித்தான். கொஞ்சம் நல்ல காரியங்களைச் செய்து பாவக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம், முடிவதில்லை. நமக்காகச் சிலுவையில் விலை கொடுத்தவர் இயேசு கிறிஸ்து. இதையே இரட்சிப்பு என்கிறோம்.

‘பாவம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். செய்த குற்றத்துக்கும் அந்தச் சொல்தான், விழுந்து கிடப்பவனைப் பார்த்து “ஐயோ, பாவம்!” என்று இரங்குவதற்கும் அதே சொல்தான். தேவன் நம்மை அப்படியே பார்க்கிறார். நம் குற்றத்தை அவர் சிறிதாக எண்ணுவதில்லை. நம்மேல் இரங்காமலும் இருப்பதில்லை.

கடன் அடைந்த அன்றே கோ தா பியூ மாறிவிடவில்லை. பொல்லாத முன்கோபம் அவரோடு நெடுநாள் போராடியது. 1828 மே 16 அன்று, ஏறக்குறைய ஐம்பது வயதில், தாவாய் பட்டணத்தில் ஜார்ஜ் போர்டுமன் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கரேன் மக்களில் முதல் கிறிஸ்தவர் அவரே. அதன்பின் ஓய்ந்திருக்கவில்லை. ஒருகாலத்தில் பிறருக்குப் பயம் விளைவித்தவர், தாவாய் மலைகளிலும் ரங்கூன் பக்கத்துக் கிராமங்களிலும் அரக்கானிலும் நடந்து நடந்து சுவிசேஷம் சொன்னார். 1840 செப்டம்பர் 9 அன்று சாண்டவேயில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் விதைத்தது நம் வாசல்வரை வந்திருக்கிறது. 1852-இல் இரண்டாம் போர் நடந்தபோது, நம் பெரியவர்கள் கெமண்டைன் என்று அழைத்த இந்தக் க்யிம்யிண்டைங்கில்தான் வின்டன் மிஷனெரி தம்பதியர் தங்கி, அடைக்கலம் தேடி வந்த கரேன் மக்களைப் பராமரித்தார்கள்.

“நான் கொலை செய்யவில்லையே, கொள்ளையடிக்கவில்லையே” என்று நம்மில் ஒருவர் எண்ணலாம். பத்து ரூபாய் கடனானாலும் பத்தாயிரம் கடனானாலும், கையில் காசில்லாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சொன்ன பொய், அடக்காத கோபம், பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் உடன்பிறப்பு: இவற்றோடுதான் நாமும் ஆலயத்துக்கு வருகிறோம். நம் கடனும் அடைக்கப்பட்டிருக்கிறது. அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, நமக்குக் கடன்பட்டவரை மன்னிப்போம். இந்த ஆண்டு விழாவில் நாம் கர்த்தருக்குச் செலுத்தும் நல்ல காணிக்கை அதுவாக இருக்கட்டும். ஆமென்.