மாமன் கொடுத்தால் சீர், மருமகன் கொடுத்தால் வருமானம்

முந்த்ரா விவகாரத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டு விலகிய சில நாள்களில், 1958 பிப்ரவரி 28 அன்று, பிரதமர் நேருவே பட்ஜெட்டை வாசித்தார். அன்பளிப்பு வரி அந்தப் பட்ஜெட்டில்தான் வந்தது. யோசனை, 1956இல் இந்தியா வந்து அறிக்கை தந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டருடையது. 1953 முதலே இறந்தவர் சொத்துக்கு எஸ்டேட் வரி இருந்தது. பல ஆண்டு முன்பே பிள்ளைகள் பேருக்கு மாற்றிவைத்துவிட்டால் அதிலிருந்து தப்பிவிடலாம். அந்த வழியை அடைக்கத்தான் புதிய சட்டம்.

அப்போது வரி கட்ட வேண்டியவர் கொடுத்தவர். தகப்பன் மகனுக்குக் கொடுத்தாலும் கணக்கில் வரும். மனைவிக்குக் கொடுப்பதற்கும், நம்மை நம்பியிருக்கும் உறவினர் கல்யாணத்துக்குக் கொடுப்பதற்கும் ஓர் அளவு வரை விலக்கு உண்டு. புதுக்கோட்டையில் ஓர் ஆடிட்டரிடம் நான் தொழில் பழகிய 1990களில் விகிதம் 30 சதவீதம். எஸ்டேட் வரி 1985லேயே போய்விட்டதால், எதற்குக் காவலாக வந்ததோ அது இல்லாமலே இந்த வரி நின்றுகொண்டிருந்தது. 1998 அக்டோபர் 1 முதல் யஷ்வந்த் சின்ஹா அதை நீக்கினார்; சரியான முடிவு.

2004 செப்டம்பர் 1 முதல் ப. சிதம்பரம் வேறு வடிவில் கொண்டுவந்தார். இந்த முறை வாங்கியவருக்கு வரி. வரம்பு 25,000 ரூபாய். 2006 ஏப்ரல் முதல் 50,000. ஆண்டு முழுதும் வாங்கியது அதைத் தாண்டினால் மொத்தத் தொகையும் வருமானம். கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் மொய்க்கு விலக்கு. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அப்படிச் சொல்லவில்லை. உறவினர் கொடுத்தால் வரியில்லை. ஆனால் யார் உறவினர் என்பதைச் சட்டம் ஒரு பட்டியல் போட்டுச் சொல்கிறது.

அந்தப் பட்டியலில் வாங்குபவரின் பெற்றோருடன் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் தாய்மாமன் எத்தனை லட்சம் சீர் செய்தாலும் மருமகனுக்கு வரியில்லை. உடன்பிறந்தவர் பிள்ளைகள் பட்டியலில் இல்லை. ஆகவே அதே மருமகன் மாமனுக்குக் கொடுத்தால் அது மாமனின் வருமானம். மாமன் மகளைக் கட்டியிருந்தால் அவன் மகளின் கணவன் என்ற முறையில் விலக்குக்குள் வந்துவிடுவான்.

தகப்பனில்லாத தன்னைப் படிக்க வைத்த மாமனுக்கு வீடு கட்டிக்கொடுக்கப் பணம் எடுத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் யோசனை கேட்க வந்தார். மகன் தாய்க்குத் தரலாம், தாய் தன் தம்பிக்குத் தரலாம், இரண்டுக்கும் வரியில்லை. அவருக்குத் தாய் இல்லை. கடனாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாமனிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதா என்று அவர் தலை குனிந்துகொண்டார்.

சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி எல்லோருக்கும் இதே கதிதான். பிள்ளையில்லாத எத்தனையோ பேர் முதுமையில் அண்ணன் மகனையும் அக்காள் மகளையும் நம்பித்தான் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ‘உடன்பிறந்தவர் மக்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாடாளுமன்றம் அதைச் செய்ய வேண்டும்.