அறுவைக்கு முந்தைய ஓபியாய்டும் முழங்கால் மாற்றின் பலனும்: ஒரு மறுவாசிப்பு

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் ஓபியாய்டு வகை வலிமருந்துகளை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட வலி குறைவாகவே தணிகிறது. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு, இதிலிருந்து பெறப்படும் முடிவில்தான் இருக்கிறது. மருந்தே பலனைக் கெடுக்கிறது, எனவே நோயாளி அதை விடும்வரை அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டு வருகின்றனர். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வைக் கூர்ந்து படித்தால், அந்த முடிவை அது தாங்கவில்லை.

பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வு 156 நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் 36 பேர் அறுவைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓபியாய்டு மருந்துச்சீட்டு பெற்றிருந்தனர். 0 முதல் 100 வரை செல்லும் வோமாக் வலி அளவீட்டில், அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில், மருந்து எடுக்காதவர்களுக்கு வலி 33.6 புள்ளிகள் தணிந்தது, எடுத்தவர்களுக்கு 27.0 புள்ளிகள். 6.6 புள்ளி இடைவெளி தற்செயல் அன்று என்றே புள்ளியியல் சோதனை காட்டுகிறது.

ஆனால் ‘எடுத்தவர்’ என்பவர் யார்? இரண்டு ஆண்டுகளில் ஒரேயொரு சீட்டு பெற்றிருந்தாலும் அவர் அந்தக் குழுவில் சேர்ந்துவிடுகிறார். பல் பிடுங்கியபின் சில நாள் மாத்திரை விழுங்கியவரும், மாதக்கணக்கில் தினமும் ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டை எடுத்தவரும் இந்த வரையறைக்கு ஒன்றே. மருந்துதான் காரணம் என்று சொல்ல அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு தெரிய வேண்டும். 36 பேரை அளவுவாரியாகப் பிரித்து அதைக் காண்பது கடினம். மேலும், வலியைப் பேராபத்தாக எண்ணி அஞ்சும் போக்கை அளக்கும் வினாப்பட்டியலில் இவர்கள் அறுவைக்கு முன்பே சராசரியாக 15.5 பெற்றிருந்தனர், மற்றவர்கள் 10.7. மூட்டின் நிலை ஒன்றாக இருந்தாலும், வலியை வேறாக உணர்பவர்களே மருந்தை நாடியிருக்கக்கூடும். இத்தகைய வேறுபாடுகளைச் சமன்செய்யும் புள்ளியியல் சரிக்கட்டல் அளந்தவற்றை மட்டுமே ஈடுசெய்யும். மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதி இன்னொருவருக்கு எழுதாமல் விட்ட காரணம் அதில் அடங்காது.

விவாதத்தில் பெரும்பாலும் விடுபடும் செய்தி ஒன்று உண்டு. மருந்து எடுத்தவர்கள் பெற்ற 27 புள்ளித் தணிவு, மற்றவர்கள் பெற்றதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. நடக்க முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு இதை மறுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

நீண்டகால ஓபியாய்டு நரம்பு மண்டலத்தின் வலியுணர்வையே கூர்மையாக்கும் என்ற எதிர்வாதம் உண்மையானதே. ஆனால் அது நெடுநாள் பயனர்களுக்கு உரியது. ஒற்றைச் சீட்டுக்காரரை அது தொடாது. இதைவிட வலுவான எதிர்ச்சான்று, அறுவைக்கு முன் மருந்தளவைப் பாதியாகக் குறைத்த 41 பேர் குறைக்காதவர்களைவிடத் தெளிவாக நன்றாகத் தேறினர் என்று காட்டிய, 2016இல் வந்த ஆய்வு. குறைக்க முயல்வது நன்று என்பதற்கு அது போதும். ஆயினும் அது பின்னோக்கிப் பார்த்த ஒப்பீடு. குறைக்க முடிந்தவர்களின் மனவுறுதியும் குடும்ப ஆதரவும் பலனில் கலந்திருக்கக்கூடும். குறைக்க முடியாதவருக்கு அறுவையை மறுக்க அதில் இடமில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2016இல் வெளியான மிச்சிகன் ஆய்வில், முழங்கால் மாற்றுக்கு முன் ஓபியாய்டு எடுத்தவர்களுள் 53.3 சதவீதத்தினர் ஆறு மாதம் கழித்தும் அதைத் தொடர்ந்தனர். முன்பு எடுக்காதவர்களுள் 8.2 சதவீதத்தினர். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானமோ முதுகுவலியோ உள்ள 240 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சமவாய்ப்புச் சோதனையிலோ, ஓராண்டு முடிவில் ஓபியாய்டு மற்ற வலிமருந்துகளை விஞ்சவில்லை. எனவே தேய்மான வலிக்கு ஓபியாய்டைத் தொடங்காதிருப்பதே முதல் கடமை. ஏற்கனவே எடுப்பவருக்கு அந்தச் சீட்டு, அறுவைக்கு முன்னும் பின்னும் கூடுதல் வலிக் கவனிப்பும் மனநலத் துணையும் தேவை என்பதற்கான அடையாளம். அறுவையை மறுப்பதற்கான காரணம் அன்று.