ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள்

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் உருவாக்கிய கார்கள். ஹெரால்டு 1959-ல் வெளிவந்த குடும்பக் கார். ஸ்பிட்ஃபயர் அதன் அடிச்சட்ட அமைப்பைச் சுருக்கி, முன்சக்கர அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு 1962 முதல் 1980 வரை தயாரான இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டின் உடலையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையில் தயாரானது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவரும் கோவையில் பழைய ஹெரால்டு வைத்திருப்பவரும் பெரும்பாலும் ஒரே கையேட்டைத் தேடுவது இதனால்தான். டிரையம்ப் நிறுவனமே ஹெரால்டு, விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பட்டறைக் கையேட்டை வெளியிட்டது.

மூன்று வகை நூல்கள்

பழைய காருக்கான நூல்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது வழக்கம். காருடன் தரப்படும் உரிமையாளர் கையேடு எண்ணெய் மாற்றுவதற்கு மேல் அதிகம் சொல்லாது. பட்டறைக் கையேடு விற்பனை முகவர்களின் மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டது. அதில் இறுக்க அளவுகள், இடைவெளிகள், கழற்றி மாட்டும் வரிசை ஆகியவை இருக்கும். மூன்றாவது, உதிரிபாகப் பட்டியல். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பரப்பிய படமும் பாக எண்ணும் அதில் இருக்கும். எது எதன்மேல் உட்காரும் என்று தெரிந்துகொள்ளப் பல நேரங்களில் பட்டறைக் கையேட்டைவிட இதுவே உதவும்.

பட்டறைக் கையேட்டைப் படிப்பவருக்குத் தொழிற்சாலையின் தனிக் கருவிகள் இருக்கின்றன, பயிற்சியும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே அது எழுதப்பட்டது. இந்தக் குறையைத் தீர்த்தவர் இலங்கையில் பிறந்த ஒருவர். ஜான் ஹெய்ன்ஸ் 1938-ல் அங்கு பிறந்தார். தந்தை தேயிலைத் தோட்ட மேலாளர். இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே ஆஸ்டின் 7 காரை மாற்றிக் கட்டி, அதைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். 250 படிகள் பத்து நாளில் விற்றன. பின்னர் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது, நண்பர் ஒருவர் வாங்கிய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காரைச் சீரமைக்க உதவினார். நிறுவனத்தின் கையேடு சாதாரண உரிமையாளருக்குப் பயன்படாது என்று கண்டு, காரைப் பிரித்து மாட்டிய ஒவ்வொரு படியையும் படம் பிடித்தார். 1966-ல் வந்த முதல் ஹெய்ன்ஸ் கையேடு இப்படி உருவானதுதான். 3,000 படிகள் மூன்று மாதத்திற்குள் தீர்ந்தன. ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பின்னர் ஹெய்ன்ஸ் கையேடுகள் வந்தன.

சென்னைக் காரும் கையேடும்

சென்னை ஹெரால்டு தொடக்கத்தில் பிரிட்டிஷ் காரின் மறுபடியாகவே இருந்தது. காலப்போக்கில் இரண்டும் விலகின. பிரிட்டனில் 1961-லேயே 1147 சி.சி. எஞ்சின் வந்துவிட்டது, இந்தியக் கார் 948 சி.சி. எஞ்சினிலேயே தொடர்ந்தது. பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் உருவாக்கப்பட்டது. ஆகவே பின்னாளைய பிரிட்டிஷ் கையேடு கிடைத்தால் மட்டும் போதாது, 948 எஞ்சினுக்கான பகுதி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய விலகல் 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கேஸல். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை. டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு நிலையாக இருக்கும். குறுக்குவாட்டில் ஒரு வில்பட்டை இருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும். பழகாத மெக்கானிக்குக்கு அச்சு வளைந்துவிட்டது போலத் தோன்றும். இந்திய வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் இதை விரும்பவில்லை. கேஸலில் அதை நீக்கிவிட்டு வழக்கமான ஒரே பின் ஆக்சிலை வைத்தார்கள். கையேடு கைக்கு எட்டாத ஊரில் புதுமையான பொறியியலுக்கு நேர்ந்த கதி என்று இதைச் சொல்லலாம். 1970களின் பிற்பகுதியில் கேஸலும் நின்றது. ரோவர் காரின் உடலோடு 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் போக, நிறுவனத்தின் கார் தயாரிப்பு அத்துடன் முடிந்தது.

கொங்குநாட்டில்

பாகம் கிடைக்காத காரை ஓட வைக்கத் தமிழ்நாட்டில் கோவையைப் போல வசதியான ஊர் குறைவு. பவுண்டரி, லேத் பட்டறை, பம்பு செட்டுத் தொழில் எல்லாம் ஒரே வட்டாரத்தில் உள்ளன. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவரதன் இவ்வூர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரால்தான் மதுக்கரையை அடுத்த செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்தது. பழைய கார்களைப் பார்க்க விரும்புவோர்க்கு ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகமும் கோவையில் உள்ளது.

ஆனால் மதுக்கரையிலோ கோவையிலோ உள்ள லேத் பட்டறையால் புஷ்ஷைக் கடைந்து தர முடியுமே தவிர, அதன் அளவைத் தர முடியாது. தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். புதிதாக இருந்தபோது எவ்வளவு, எதுவரை தேயலாம் என்பது கையேட்டில்தான் இருக்கிறது. டிரையம்ப் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் உண்டு. அவற்றின் எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் கிராங்க் ஷாஃப்டை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் எஞ்சின் ஓடும். பிறகு கிராங்க் ஷாஃப்டே கெடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொடக்க கால ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றி இணைப்பவர் அதற்கான விலையைக் கொடுப்பார்.

அளவு முறையும் ஒரு தடை. இந்தியா 1956-ல் சட்டம் இயற்றிப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கார் ஹெரால்டு. அதன் கையேட்டில் எல்லாம் அங்குலமும் அடி-பவுண்டும்தான். மில்லிமீட்டர் ஸ்பேனரை நெருக்கிப் போட்டால் நட்டின் மூலை உருண்டுவிடும்.

இன்று பிரிட்டனின் புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் பழைய பட்டறைக் கையேடுகளை மறுபதிப்பாக வெளியிடுகிறது. வாங்குபவர் தம் காரின் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு, நூல் எந்த எண் வரையிலான கார்களைச் சேர்த்துள்ளது என்று பார்ப்பது நல்லது. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு நடை பார்க்கலாம். அங்கே கிடைக்கும் படியில் எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள்தான் அடிக்கடி பழுதாகும் இடத்தைக் காட்டும். கேஸலின் பின் ஆக்சிலுக்கு ஹெரால்டின் பிரிட்டிஷ் கையேடுகளில் இடமில்லை. அதைக் கழற்றுகிறவர், வெளியே எடுக்கும் ஒவ்வொரு ஷிம்மையும் எண்ணி, கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வேலையைத் தொடர வேண்டியிருக்கிறது.