பல்லில் படிந்த வரலாறு

போனைத் திறந்தால் போதும், பல்லை வெள்ளையாக்கித் தாறோம் என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கும். கலியாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் அதற்கு இன்னும் மவுசு. ஆனால் பல்லில் கறை ஏன் வருது என்று கேட்டால், அதற்குள் ஒரு நீண்ட வரலாறே கிடக்கு.

வெள்ளைப் பல்தான் அழகு என்பது எல்லா ஊருக்கும் பொது இல்லை. ஜப்பானில் இரும்புச் சாயம் பூசிப் பல்லைக் கறுப்பாக்குவது அழகாக இருந்தது. 1870-ல்தான் அரசு பிரபுக்களுக்கு அதைத் தடை செய்தது. தமிழில் பல்லுக்கு முத்தும் முல்லையும் உவமை. ஆனாலும் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயை யாரும் குறை சொல்லவில்லை. கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருசம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681-ல் வெளியான தன் நூலில் இந்நாட்டவர் வெற்றிலை மெல்லும் பழக்கத்தை எழுதியிருக்கிறார். நம்ம மூத்தம்மாமாரின் வட்டாவும் படிக்கமும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது சிவப்பு வரும், நாள்பட அது பல்லில் கறுத்துப் படியும்.

வெற்றிலை, பிளேன்ரீ, சிகரெட் இதெல்லாம் பல்லின் மேலே ஒட்டும் கறை. பல் வைத்தியர் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். உள்ளே ஊறிய கறை வேறு கதை.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன இளம் பல் வைத்தியர் பிரெடெரிக் மெக்கே, அந்த ஊர்க்காரர் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். சின்ன வயசிலிருந்தே அங்கு வளர்ந்தவர்களுக்குத்தான் அது இருந்தது. பெரியவர்களாகி வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கு என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் அது புளோரைட் என்று தெரியவர 1931 ஆகிவிட்டது. 1937-ல் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலும் இதே நோய் பதிவானது. அங்கே பல்லோடு எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தது.

இலங்கையின் உலர் வலயத்திலும், அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகள் உட்பட, பாறைக்கடியிலிருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடின இடங்கள் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். ஏறக்குறைய 8 வயசுக்குள், முரசுக்குள்ளே பல் உருவாகும்போதே எனாமல் பழுதாகிறது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. சின்ன வயசில் டெட்ராசைக்கிளின் மருந்து குடித்தாலும் பல்லில் மஞ்சள், சாம்பல் நிறம் தங்கிவிடும்.

இன்றைய வெள்ளையாக்கலின் மருந்து பெரொக்சைட். பல்லுக்குள் புகுந்து நிறப்பொருளை உடைக்கும். 1989-ல் ஹேவுட், ஹைமன் என்ற இருவர் வீட்டில் இரவில் அணியும் முறையை எழுதிய பிறகு இது உலகெங்கும் பரவியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கடையில் விற்கும் பொருளில் 0.1 சதவீதம்தான் அனுமதி. அதற்கு மேல் 6 வரை என்றால் பல் வைத்தியர் மூலமாகத்தான். நிரப்பின பல்லும் செயற்கைப் பல்லும் இதில் வெளுக்காது. பல் கூச்சமும் வரலாம். எலுமிச்சை, உப்பு, கரித்தூள் போட்டுத் தேய்த்தால் எனாமல் கரையும், தேயும். போன எனாமல் திரும்பி முளைக்காது. அடியிலுள்ள மஞ்சள்தான் இன்னும் தெரியும்.

அதனால காசு கட்டுவதற்கு முன்னால், அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் ஒருக்கா காட்டுங்க. வெற்றிலை போடுற வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்க. 2004-ல் பாக்கையே புற்றுநோய் தரும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது. அவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், பல்லின் நிறத்தைவிட அதுதான் அவசரம். ஒரே கிணற்றில் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் ஒரே மாதிரிக் கறை இருந்தால், முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்க. அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அந்தக் கறை வராமல் தடுக்க அதுதான் முதல் படி.